முனை தெரியாத பந்து

நேற்று சுற்றி வைத்த நூல்பந்து இன்று கனத்தது.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்தபோது, எதிர்பாராமல் அவள் கை கொஞ்சம் தாழ்ந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற கம்பளி நூல். ஊதினாலே உருளவேண்டிய சாமான். பழுத்த மாதுளையைத் தூக்கியதுபோல் இருந்தது. ஈரம் குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்தே மழை வருவதும் போவதுமாக மூட்டம் போட்டிருந்தது. அந்த மாதிரி நாட்களில் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் கம்பளி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வெங்காயத் தோல் வெந்த வாசனை, வினிகரின் புளிப்பு, அதற்கு அடியில் ஆட்டுரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. குளிப்பாட்டித் துவட்டிய குழந்தையின் உச்சந்தலை வாசம்.

கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

பெரிய மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. தலைமை டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர்வரை எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'. "மூச்சை இழுங்க, பிடிச்சுக்கங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீடு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது. கை மட்டும் ஏதாவது வேலை கேட்கும். அப்படித்தான் கம்பளி நூற்க ஆரம்பித்தாள். முதலில் கையில் சுழற்றுகிற தக்கிளி. அது கை வந்த பிறகு, காலால் மிதித்து ஓட்டுகிற ராட்டை. வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற அறையில் அவளுடைய சாம்ராஜ்யம் இருந்தது. சாயத்துக்கென்றே ஒதுக்கிய நெளிந்த அலுமினியப் பாத்திரம், ஒரு பழைய மின் அடுப்பு, படிகாரம், அவுரித்தூள், மாதுளைத் தோல் என்று பாட்டில் பாட்டிலாக அடுக்கு, குறுக்கே கட்டிய கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும் நூல் வளையங்கள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ராட்டையைப் பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். கேலி பேசும் உரிமையையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள ஆடு ஒண்ணுதான் குறைச்சல். சொல்லு, நானே லிஃப்ட்ல ஏத்திக் கொண்டுவந்து விட்டுடறேன்."

"கொண்டு வாங்க. உங்களுக்கும் பேச்சுத் துணை ஆச்சு" என்பாள் அவள்.

இந்த முறை வந்த கம்பளி கடையில் வாங்கியதில்லை. மணிக்கட்டு பிசகிய ஒருவர் எக்ஸ்ரே எடுக்க வந்திருந்தார். தொலைவில் எங்கோ ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். மேஜையோரம் அவள் பாதி பின்னி வைத்திருந்த துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வாயிற்காவலரிடம் அவள் பெயருக்கு ஒரு சாக்கு வந்து கிடந்தது. "கடைசி வெட்டு இதுதானாம். இனிமே ஆடே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம். தூக்கிப் போட மனசு வரலையாம், உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாரு" என்றார் காவலர். "காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாருக்கா. சாக்கை வெச்சதும் விட்டாப் போதும்னு போயிட்டாரு."

பிரித்துப் பார்த்தபோது அவளுக்கு ஆசையே வந்துவிட்டது. சாதாரணமாக வெட்டிய ரோமத்தில் முள்ளும் புழுக்கையும் மண்ணும் ஒட்டியிருக்கும். இதில் ஒரு தூசி இல்லை. வெயிலையே பார்க்காததுபோல அவ்வளவு வெண்மை, அவ்வளவு மென்மை. எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். இது தங்கையின் குழந்தைக்கு.

வீட்டில் எல்லோருக்கும் தங்கை 'குட்டி'. காரோட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. ஊரில் பாதிப் பேரைத் திட்டித் திட்டியே ஸ்டியரிங் பிடிக்க வைத்தவள். புருஷன் சரக்குக் கப்பலில் இருந்தான். வர இன்னும் மாதங்கள் ஆகும் என்பதால் பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெல்ட் போட முடியாத அளவுக்கு வயிறு வந்த பிறகுதான் வேலையை விட்டாள். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாததால் அதற்கு 'வாலு' என்று பெயர் வைத்திருந்தாள். சும்மா இருக்காதாம். இரவு முழுக்க கிளட்ச் மிதிக்கிறதாம்.

சாயம் தோய்த்த அன்றே ஒரு சின்னக் கோளாறு. படிகார நீரில் ஊறவைத்து, வெங்காயத் தோல் கஷாயத்தில் இறக்கி, கொதிக்க விடாமல் ஆவி மட்டும் பறக்கும் சூட்டில் வைத்திருந்தாள். கிளறக்கூடாது, கிளறினால் கம்பளி கட்டி தட்டிவிடும். கண் விழிக்காத பூனைக்குட்டியைத் திருப்புகிறமாதிரி ஒருமுறை திருப்பிவிட்டாள். மஞ்சள் வரவேண்டும். முற்றினால் துரு நிறம். இத்தனை தடவை தோய்த்ததில் வேறெதுவும் வந்ததில்லை. தூக்கிப் பார்த்தபோது கம்பளி வெளிர் சிவப்பாக, உயிரோடு இருப்பதுபோல வந்திருந்தது.

குட்டிதான் அதற்குப் பெயர் கண்டுபிடித்தாள். "ஐயோ, சூப்பர்க்கா! குழந்தையோட உள்ளங்கை கலர்."

அவளுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு பிடியை மட்டும் எடுத்து அவுரிச் சாயத்தில் முக்கினாள். அவுரி விடாப்பிடியான சாயம். நகக்கண்ணில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. பாத்திரத்து நீர் கருநீலமாக இருந்தது. அவள் விரல்கள் நீலமாயின. கம்பளி மட்டும் ஒரு சொட்டு நீலம்கூட ஏறாமல், அதே வெளிர் சிவப்பில், தண்ணீர் உதறிக்கொண்டு வெளியே வந்தது.

சாயம் பிடிக்காத கம்பளியும் உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, காய்ந்ததை மறுபடி சாக்கில் அடைத்து, கொஞ்சம் மட்டும் எடுத்து நூற்றாள். முதல் பந்து சுற்றினாள். அந்தப் பந்துதான் இப்போது கையில் கனத்துக்கொண்டிருந்தது.

அவள் அதை மேல்தட்டிலேயே வைத்துவிட்டு ராட்டை முன் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் கூடத்துச் சோபாவில் குறட்டை. சாயத் தண்ணீர் வடிந்த தரையில் சாம்பல் வெளிச்சம் படுத்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை சன்னமாகத் தட்டிக்கொண்டிருந்தது. மிதியின் மரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகி, சக்கரம் அதற்குப் பதில் சொல்வதுபோல உய்யென்று இழைந்தது. இடது கையில் பஞ்சுபோல் பிரித்த கம்பளி. வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழை முறுக்கேறி, சக்கரத்தை நோக்கி ஓடியது. இந்த ஓட்டத்தில்தான் அவள் மனசு அடங்கும். உடைந்த இடுப்பு, நொறுங்கிய முழங்கை, நுரையீரலில் வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி வாயைத் திறக்கமுடியாமல் அனுப்பிவைத்த முகம், எல்லாம் இந்த இழையோடு போய்விடும்.

இன்று போகவில்லை.

விரல்களுக்கு நடுவில் எதுவோ துடித்தது.

தன் நாடித் துடிப்பாக இருக்கும் என்று நினைத்தாள். விரல் நுனியில் அழுத்திப் பிடித்தால் அப்படித் தெரிவதுதான். இடது கை விரலைக் கழுத்தில் வைத்துத் தன் நாடியைப் பார்த்தாள். நிதானமாக, சோம்பலாக அடித்தது. இழை அப்படி அடிக்கவில்லை. பொடிப்பொடியாக, ஓட்டமாக, ஒன்றுக்கு இரண்டாக அடித்தது. அந்த வேகம் அவளுக்குத் தெரியும். பக்கத்து ஸ்கேன் அறையிலிருந்து சுவர் வழியாக தினமும் கேட்கிற வேகம். கர்ப்பிணி வயிற்றில் கருவியை வைத்ததும் குதிரை ஓடுகிறமாதிரி கேட்குமே, அந்த வேகம்.

மிதியிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் தயங்கி நின்றது. முனகல் நின்றது. மழை மட்டும்.

இழை துடித்துக்கொண்டே இருந்தது.

அவள் கையை உதறினாள். கொள்ளிக்கட்டையை விடுவதுபோல விட்டாள். அப்போது கதவருகே குட்டி வந்து நின்றாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில்.

"அக்கா, வாலு ஏன் இன்னைக்கு இவ்வளவு சமர்த்தா இருக்கு? காலையிலேர்ந்து ஒரு உதை இல்ல."

"தூங்கும். இனிப்பா ஏதாவது சாப்பிட்டுப் படு."

"சாப்பிட்டேனே. இப்பதான், இந்த நிமிஷம்தான், லேசா அசைஞ்சுது." குட்டி சிரித்தாள். "நீ ராட்டையை நிறுத்தினதும் முழிச்சுக்கிச்சு போல. உன் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கு அதுக்கு."

அவள் இழை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை குட்டிக்கு ஸ்கேன் இருந்தது. அக்கா வேலை பார்க்கிற இடம் என்பதால் வரிசையில் உட்காராமல் நேரே உள்ளே போனார்கள். ஸ்கேன் டாக்டர் அம்மா கலகலப்பானவர். கருவியை வயிற்றில் ஓட்டிக்கொண்டே திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதோ தலை. மூக்கைப் பாரு, உங்கக்கா மூக்கு. இதோ முதுகுத்தண்டு, முத்து கோத்த மாதிரி. இது இடது கை, பார்த்தியா, கட்டைவிரலைச் சப்புது. வலது கை..."

கருவி நகர்ந்தது. திரும்பி வந்தது.

"வலது கையை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கு திருட்டுப் பயபுள்ள. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படும்மா."

குட்டி திரும்பினாள். பிறகு மறுபக்கம். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து படுத்தாள். டாக்டர் அம்மா பேச்சைக் குறைத்தார். பிறகு பேச்சே இல்லை. பொத்தானை அழுத்துகிற சத்தம் மட்டும் டக், டக், டக் என்று கேட்டது. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கம். பிறருக்கு அவளே எத்தனையோ முறை கொடுத்திருக்கிற மௌனம்.

"என்ன டாக்டர்?" என்றாள் குட்டி.

"ஒண்ணுமில்லம்மா. அது சரியா காட்ட மாட்டேங்குது. நாளைக்கழிச்சு வேற மெஷின்ல பாத்துடலாம்."

குட்டி முகம் கழுவப் போனதும் டாக்டர் அம்மா அவளை மெல்ல ஓரமாகக் கூப்பிட்டார். கையில் இன்னும் கையுறை இருந்தது.

"எனக்குப் புரியல, எக்ஸ்ரே அக்கா. போன தடவை ரெண்டு கையும் இருந்துது. நானே அஞ்சு விரலையும் பாத்தேன், உங்க தங்கச்சிக்கும் காட்டினேன். இப்ப முழங்கைக்குக் கீழ..." கையுறையைக் கழற்றினார். "இருந்தது இல்லாமப் போகாது இல்லையா? மெஷின் கோளாறுதான். வேற என்ன?"

"மெஷின்தான்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு பந்தை எடுத்தாள். இப்போது இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. பிரித்துவிடலாம் என்று முனையைத் தேடினாள். பந்து சுற்றி முடித்ததும் முனையை உள்ளே செருகி, ஒரு நுனியை வெளியே விட்டுவைப்பது அவள் வழக்கம். நுனி இல்லை. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நகத்தால் வரிவரியாகத் தடவினாள். எந்த இழையும் தொடங்கவில்லை, எந்த இழையும் முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். அதன் வாயை விரித்து ஒரு இழையின் அடியில் கொடுத்தாள்.

கூடத்தில் குட்டி "அம்மா!" என்று அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது குட்டி சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அணைத்தபடி குனிந்து நின்றாள். "ஒண்ணுமில்லக்கா... உள்ள சுரீர்னுச்சு. போயிடுச்சு. போயிடுச்சு." நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. "உன் கையில என்ன கத்தரி?"

அதற்கு மேல் அவள் பந்தைத் தொட்டு எதுவும் செய்யத் துணியவில்லை. சாக்கில் மீதியிருந்த கம்பளியை அமுக்கி, வாயை இறுக்கிக் கட்டி, துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளினாள். எரிக்கலாமா? எரித்தால் என்ன ஆகும்? யாரிடம் கேட்பது? கணவரிடம் சொல்லிப் பார்த்தாள், பாதிதான் வாயில் வந்தது.

"அந்தப் பந்தைத் தூக்கிப் பாருங்களேன்."

அவர் தூக்கினார். புருவம் ஏறியது. "என்னடி இது, உள்ள கல்லை வெச்சுச் சுத்தினியா?"

"கட்டைவிரல்ல சுத்தினேன். உள்ள ஒண்ணுமில்ல."

"அப்ப ஈரம்." மேஜையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திவிட்டு, தோளில் கை வைத்தார். "ஸ்கேன்ல அப்படிச் சொன்னதிலேர்ந்து உன் மனசு உன்கிட்ட இல்ல. ஒரு நாள் லீவு போட்டுத் தூங்கு. குட்டி உன் முகத்தைப் பாத்துத்தான் தைரியமா இருக்கா. நீ இப்படி இருந்தா அவ என்ன ஆவா?"

அது உண்மை. அதனால்தான் குட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பின்னறைச் சாக்கைத் தொடாதே" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன், உள்ள ஆடு இருக்கா?" என்றாள் குட்டி. மாமாவும் மச்சினியும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பந்தை ஒரு துண்டில் சுற்றி, கான்வாஸ் பையில் போட்டு, வேலைக்கு எடுத்துப் போனாள். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். தொடையில் சூடு பரவிக்கொண்டே வந்தது, யாரோ மடியில் படுத்திருப்பதுபோல.

மத்தியானம் உணவு நேரத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் கீழே போய்விட்டார்கள். வராந்தாவில் யாருமில்லை. அவள் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்தினாள். பந்தை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தாள். கருப்பு மேஜையில் அந்த வெளிர் சிவப்பு கண்ணைக் கூசவைத்தது. பச்சைக் குழந்தைகளுக்கு வைக்கிற குறைந்த அளவில் கருவியைத் திருப்பினாள். கம்பளி எக்ஸ்ரேயில் தெரியாது. புகைபோல ஒரு நிழல் விழும், அவ்வளவுதான். உள்ளே ஒரு பொத்தானோ, ஆணியோ, ராட்டையிலிருந்து கழன்ற திருகோ தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தெரிந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடலாம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கதோஷத்தில் வாய் முணுமுணுத்தது. "அசையாம இருங்க."

பொத்தானை அழுத்தினாள்.

திரையில் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முதலில் புகை. வட்டமான, மெல்லிய புகை. அதற்கு நடுவே வெள்ளையாக, தீக்குச்சிகளை உடைத்து அடுக்கியதுபோல எலும்புகள். உள்ளங்கை எலும்புகள். விரல் எலும்புகள். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் மூடி.

முஷ்டி.

எலும்பு படிக்கிற கண் அவளுடையது. வேண்டாம் என்றாலும் படித்தது. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே எலும்பு கட்டுவது பிறந்த பிறகுதான். இது பிறக்காத கை.

வலது கை.

இது பொய் என்றது மனசு. படம் மாறிப்போயிருக்கும். காலையில் எடுத்த எந்தக் குழந்தையின் படமோ. இன்னொரு முறை எடு. எடுத்தால் தெரிந்துவிடும்.

மேஜையருகே போகவில்லை. எதையும் தொடவில்லை. பொத்தானை மட்டும் அழுத்தினாள்.

புகை. வட்டம். எலும்பு.

விரல்கள் விரிந்திருந்தன.

கைபேசி அடித்தது. குட்டி.

"அக்கா, திட்டாத. முதல்லயே சொல்லிட்டேன், திட்டக்கூடாது."

"என்ன?"

"உன் சாக்கைத் திறந்துட்டேன்." குட்டியின் குரலுக்குப் பின்னால் மரம் முனகியது. சக்கரம் உய்யென்று இழைந்தது. "நேத்துலேர்ந்து மனசே சரியில்ல. சும்மா உக்காந்தா அழுகையா வருது. மாமா காலையில ராட்டைக்கு எண்ணெய் போட்டுட்டுப் போனாரா, சரி, நீ செய்யறதைத்தான் தினம் பாக்கறேனே, நாமளும் பாப்போம்னு உக்காந்தேன். எவ்வளவு சுலபமா வருது தெரியுமா! நான் இழுக்கவே வேணாம். அதுவா வருது. சாக்கே முடியப்போவுது."

"குட்டி. காலை எடு."

"என்னது?"

"மிதியிலேர்ந்து காலை எடு! இப்பவே!"

"எடுத்துட்டேனே." குட்டியின் குரலில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம். "அப்பவே எடுத்துட்டேன். அது பாட்டுக்கு சுத்துது."

சக்கரத்தின் சத்தம் வேகமெடுத்தது.

"கையை விடு. நூலை விட்டுட்டு வெளிய வா. பக்கத்து வீட்டுக்குப் போ. குட்டி, கேக்குதா?"

மழைபோன்ற இரைச்சல். மூச்சு.

"அக்கா" என்றாள் குட்டி, மிக மெதுவாக. "வயிறு ரொம்ப லேசா இருக்குக்கா."

அழைப்பு துண்டானது.

பந்தைப் பையில் எப்படிப் போட்டாள் என்று தெரியாது. படிக்கட்டு தெரியாது. டாக்ஸி ஓட்டுநர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள், தெரியாது. கணவரை அழைத்தாள், எங்கோ நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்திருப்பார், மணி போகவில்லை. சிவப்பு விளக்கு. மழை. கண்ணாடியைத் துடைக்கும் கம்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். தோளில் பை. பைக்குள் சூடு.

வீட்டுக் கதவு வெறுமே சாத்தியிருந்தது. கூடத்தில் மின்விசிறி ஓடியது. டீ பாதி குடித்தபடி ஆறிக் கிடந்தது. சக்கரத்தின் சத்தம் இல்லை.

"குட்டி?"

பின்னறையில் விளக்கு எரிந்தது.

குட்டி ராட்டை முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் தரையில் படாமல் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். காலை அவ்வளவு நெருக்கமாகக் கட்ட முடிந்தது அவளால். நைட்டி முன்பக்கம் தொளதொளவென்று மடிந்து தொங்கியது. அழவில்லை. ரத்தம் இல்லை. வலி இல்லை. வழி தவறித் தொலைந்துபோன குழந்தையின் முகம்.

சாக்கு காலியாகத் தரையில் கிடந்தது.

அதன் பக்கத்தில் பந்து. வெளிர் சிவப்பு. பூசணிக்காய் அளவு. விளக்கொளியில் அது மெல்ல உப்பி, மெல்ல வடிந்தது. உப்பி, வடிந்தது.

"முனை கிடைக்கலக்கா" என்றாள் குட்டி. "எவ்வளவோ தேடிட்டேன். நீதான் பிரிச்சுக் கொடுக்கணும். சீக்கிரம். உள்ள மூச்சு முட்டும்."

அவள் மண்டியிட்டாள். கை நீட்டினாள். தொடமுடியவில்லை.

பந்தின் ஒரு பக்கத்தில், இழைகளுக்கு அடியில், ஒரு சின்ன மேடு எழுந்தது. நாலைந்து நுனிகள். உள்ளிருந்து கம்பளியைத் தடவின. இங்கே. அங்கே. எதையோ தேடின. மறுபக்கத்திலும் ஏதோ முட்டியது. அதற்கு நுனிகள் இல்லை. மொட்டையாக, திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில் முட்டியது.

அப்போது அவள் தோளில் தொங்கிய பை அசைந்தது. துணிக்கு உள்ளிருந்து, அவள் விலாவில், ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாகத் தட்டின.

தரையிலிருந்த பந்து மூச்சை நிறுத்தியது. கேட்பதுபோல இருந்தது.

பிறகு அவளை நோக்கி உருளத் தொடங்கியது.